இலையுதிர்காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் பூப்பாத்தியை அழகாகத் தயார் செய்வது எப்படி?

குளிர்நாட்டில் முதன்முதலாகத் தோட்டம் போடுபவர்கள் பெரும்பாலும் இளவேனிலில் ஆரம்பித்துக் கோடையோடு கடையைக் கட்டிவிடுகிறார்கள். செப்டம்பர் கடைசியில் செடிகள் சாயத் தொடங்கியதும் எல்லாவற்றையும் தரையோடு தரையாக வெட்டி, இலையைக் கூட்டி அள்ளி, பாத்தியை வெறும் மண்ணாக விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார்கள். அப்புறம் ஐந்து மாதம் ஜன்னல் வழியாகத் தெரிவது நனைந்த கறுப்பு மண்தான். அந்த ஐந்து மாதமும் பாத்தி பார்க்கும்படி இருக்க வேண்டுமென்றால் அதற்கான வேலை ஒன்றும் மலைப்பானதல்ல. ஆனால் செய்யக் கிடைக்கும் காலம் குறுகியது. யோசிக்கும் விதமும் கொஞ்சம் மாற வேண்டும்.

கோடைப் பாத்தியில் இடம் விட்டு நடுவோம். ஒரு மாதத்தில் செடிகளே படர்ந்து இடைவெளியை மூடிக்கொள்ளும். குளிர்காலத்தில் அது நடக்காது. மண்ணின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிவிட்டால் பெரும்பாலான செடிகள் வளர்ச்சியை நிறுத்திவிடும். நவம்பரில் பாத்தி எப்படி இருக்கிறதோ, மார்ச் வரை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அதனால் நெருக்கி நட வேண்டும். நடும் அன்றே பாத்தி முடிந்த வேலையாகத் தெரிய வேண்டும். பூவை மட்டும் நம்பவும் கூடாது. இலையின் நிறம், தண்டின் நிறம், காய்ந்த விதைக்கொத்தின் உருவம் இவைதான் குளிர்காலப் பாத்தியைத் தாங்குகின்றன. பூ கிடைத்தால் லாபம்.

எப்போது தொடங்குவது

மண் உறைவதற்கு ஆறு வாரம் முன்னதாகவாவது நட்டு முடிக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. வட கோளத்தில் பல இடங்களில் இது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை வரும். தென் கோளத்தில் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையில் வரும் எல்லா மாதங்களையும் ஆறு மாதம் தள்ளிப் படிக்கவும்.

இலையுதிர்காலத்தில் நடுவதில் ஒரு வசதி உண்டு. காற்று குளிர்ந்துவிட்டதால் இலை வழியாகப் போகும் நீர் குறைவு. மண்ணிலோ கோடையின் சூடு இன்னும் மிச்சம் இருக்கும். மேலே செடி சும்மா இருப்பது போலத் தெரிந்தாலும் கீழே வேர் ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஆறு வாரத்தில் வேர் பிடித்த செடி குளிரைத் தாங்கும். டிசம்பரில் அவசரமாக வாங்கி நட்ட செடி வேர் பிடிக்காமல் அப்படியே நின்று, உறைபனியில் மண்ணோடு மேலே தூக்கப்பட்டுவிடும்.

செடி வாங்கும்முன் உங்கள் ஊரின் குளிர்மண்டல எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையின் வரைபடம் 13 மண்டலங்களைக் கொண்டது. கடைசியாக 2023இல் புதுப்பிக்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவையும் எடுத்துச் சராசரி பார்த்துப் போட்டது அது. மற்ற நாடுகளிலும் செடியின் அடையாள அட்டையில் இந்த எண்ணைப் போடுவதுண்டு. ஆனால் அந்த எண் குளிரைப் பற்றி மட்டும்தான் சொல்லும். குளிர்கால மழை எவ்வளவு, மண்ணில் நீர் தேங்குமா என்பதை அது சொல்லாது. என் அனுபவத்தில் குளிரால் செத்த செடிகளைவிட, குளிர்ந்த ஈர மண்ணில் வேர் அழுகிச் செத்தவைதான் அதிகம்.

தொட்டியில் வைப்பதாக இருந்தால், உங்கள் மண்டலத்தைவிட இரண்டு மண்டலம் அதிகக் குளிரைத் தாங்கும் செடியாக எடுங்கள். தரையில் வேரைச் சுற்றி ஏராளமான மண் காவலாக இருக்கும். தொட்டியில் பக்கவாட்டிலிருந்தும் குளிர் ஏறும்.

வெட்டும்முன் எதை விடுவது என்று பாருங்கள்

பாத்தியின் அழகில் பாதி இந்தக் கட்டத்தில்தான் தீர்மானமாகிறது. கத்தரியைக் கையில் எடுக்காமல் முதலில் ஒரு சுற்று நடந்து வாருங்கள். காய்ந்துபோன ஒவ்வொரு செடியையும் தூரில் பிடித்து இலேசாக ஆட்டுங்கள், கொஞ்சம் வளைத்தும் பாருங்கள். திரும்ப நிமிர்ந்து நின்றால் விட்டுவிடலாம். கையில் கொழகொழவென்று மடிந்தால் வெட்டுங்கள். ஒரு முறை செய்து பார்த்தால் இந்தச் சோதனை கைக்குப் பழகிவிடும்.

நிமிர்ந்து நிற்பவற்றில் முதலிடம் ஸீடம் செடிக்கு. அதன் தட்டையான பூக்கொத்து செப்டம்பரில் இளஞ்சிவப்பு, அக்டோபரில் செங்கல் நிறம், டிசம்பரில் காபிப்பொடி நிறம். பனி பெய்தால் ஒவ்வொரு கொத்தின் மேலும் வெள்ளைத் தொப்பி உட்கார்ந்துவிடும். எக்கினேசியாவின் கூம்பு விதைத்தலையும் ருட்பெக்கியாவின் கறுப்புக் குமிழும் இதே வகைதான். இவற்றின் விதைக்குக் கோல்ட்ஃபிஞ்ச் போன்ற சிறு பறவைகள் வரும். உள்ளே பொந்துள்ள தண்டுகளில் தனித்து வாழும் தேனீக்கள் சில குளிர்காலத்தைக் கழிக்கும். அழகுக்காக விட்டுவைப்பது அவற்றுக்கும் வீடாகிவிடுகிறது.

அலங்காரப் புற்களைக் கண்டிப்பாக வெட்டாதீர்கள். மிஸ்காந்தஸ், பெனிசெட்டம், கலமக்ரோஸ்டிஸ் எல்லாம் காய்ந்தபின் வைக்கோல் நிறமாகி வசந்தம் வரை நிற்கும். இலையுதிர்காலத்தில் வெட்டினால் குழல் போன்ற தாள்களுக்குள் மழைநீர் இறங்கி, தூர் அழுகும். உறைந்தால் தூர் வெடிக்கவும் செய்யும். பெரிய புதரை நடு உயரத்தில் சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டிவிட்டால் காற்றில் விரிந்து விழாது. எல்லாப் புல்லும் ஒரே மாதிரி நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும். பெனிசெட்டம் கனத்த பனியில் படுத்துவிடும். கலமக்ரோஸ்டிஸ் வகையில் 'கார்ல் ஃபோர்ஸ்டர்' என்று ஒன்று உண்டு. தோட்டங்களில் புற்களுக்கு இடம் வாங்கிக் கொடுத்த ஜெர்மன் நாற்றுப்பண்ணைக்காரரின் பெயர் அது. 1874இல் பிறந்து 1970 வரை வாழ்ந்தவர். ஈட்டிபோல நேராக நிற்கும் இந்தப் புல்லுக்குப் பாத்தியில் குறைந்த இடம் போதும். புதிதாகத் தொடங்குபவர் ஒரே ஒரு புல் வாங்குவதென்றால் இதைத்தான் சொல்வேன்.

காய்ந்த செடியை அப்படியே விடுவது சோம்பேறித்தனமாகத் தெரிகிறது என்று சிலர் கூச்சப்படுவார்கள். டச்சுத் தோட்ட வடிவமைப்பாளர் பீட் ஔடால்ஃப் இந்தப் பழுப்பு நிறத்தையே தன் வேலையின் பாதியாக வைத்தவர். நியூயார்க்கில் பழைய ரயில் பாலத்தின் மேல் 2009இல் திறக்கப்பட்ட ஹை லைன் பூங்காவுக்கு நடவுத் திட்டம் போட்டவர் அவர். அங்கே செடிகள் குளிர்காலம் முழுக்கக் காய்ந்தபடி நிற்கும். வசந்தம் நெருங்கும்போதுதான் வெட்டுகிறார்கள். வேண்டுமென்றே விட்டது என்று பார்ப்பவருக்குப் புரிய ஒரு சின்ன உத்தி போதும்: பாத்தியின் ஓரத்தை மட்டும் மண்வெட்டியால் கோடு போட்டது போலச் சீராக வெட்டி வையுங்கள். ஓரம் சுத்தமாக இருந்தால் உள்ளே உள்ள காய்ந்த செடியும் ஒழுங்காகத் தெரியும்.

வெட்ட வேண்டியவையும் உண்டு. ஹோஸ்டாவின் இலை முதல் உறைபனியிலேயே வெந்தது போலத் துவண்டு நத்தைகளுக்குக் கூரையாகும், எடுத்துவிடுங்கள். பியோனியின் தண்டைத் தரையோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள். பூஞ்சை அதில் தங்கி வசந்தத்தில் புது மொட்டைத் தாக்கும். சாம்பல் நோய் பிடித்த ஃப்ளாக்ஸ், கரும்புள்ளி விழுந்த ரோஜா இலை இவற்றை வீட்டு மட்குக் குழியில் போடக் கூடாது. அந்தக் குழி நோயைக் கொல்லும் அளவுக்குச் சூடாவதில்லை. டாலியாவைப் பொறுத்தவரை, முதல் உறைபனி இலையைக் கறுப்பாக்கிய பிறகு ஒரு சாண் தண்டு விட்டு வெட்டி, கிழங்கைத் தோண்டி, மண்ணை உதறி, உறையாத குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். 4 முதல் 8 டிகிரி வரை இருந்தால் நல்லது. ரோஜாவை இப்போது கவாத்து செய்ய வேண்டாம். காற்றில் ஆடும் மிக நீளமான கிளையை மட்டும் குறைத்தால் போதும்.

மண் வேலை

களை எடுப்பதை இப்போது முழுசாகச் செய்யுங்கள். ஒருபருவக் களையைப் பிடுங்கிப் போட்டால் போச்சு. அறுகு போல வேரோடும் புல்லும், கொடிபோல் சுற்றும் பைண்ட்வீடும் வேறு கதை. அவற்றின் வேர் ஒரு துண்டு மிஞ்சினாலும் முளைக்கும். மண்வெட்டியால் வெட்டினால் ஒன்று பத்தாகும். முள்வாரியால் மண்ணைத் தளர்த்திக் கையால் இழுத்து எடுங்கள். நட்டு முடித்தபின் செடிகளுக்கு நடுவே இதைச் செய்வது தலைவலி.

பிறகு நன்றாக மக்கிய கம்போஸ்ட்டை 2 அல்லது 3 செ.மீ. கனத்துக்குப் பரப்பி மேல்மண்ணோடு கலந்துவிடுங்கள். அவ்வளவுதான் உரம். தழைச்சத்து நிறைந்த உரம் எதையும் கோடை முடிந்தபின் போடக் கூடாது. இளசான குருத்து விட்டு, முதல் உறைபனியிலேயே கருகும்.

களிமண்ணாக இருந்தால் ஈரமாக இருக்கும்போது பாத்திக்குள் கால் வைக்காதீர்கள். ஒரு மிதியில் மண்ணின் காற்றுத் துளைகள் அமுங்கிவிடும். ஒரு பலகையைக் குறுக்கே போட்டு அதன்மேல் நின்று வேலை செய்தால் எடை பரவும். நீர் வடிகிறதா என்று சந்தேகமாக இருந்தால் 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி நீர் நிரப்பி விடுங்கள். மறுநாளும் நீர் நின்றால் அந்த இடத்தில் பாத்தியை ஒரு சாண் உயர்த்திப் போடுவதே வழி. கொஞ்சம் மணலைக் கலந்து களிமண்ணைத் திருத்திவிடலாம் என்பார்கள், அதை நம்பாதீர்கள். கம்போஸ்ட்டும் பருமனான சரளையும் உதவும். கைப்பிடி மணலால் ஒன்றும் ஆகாது.

எதை எங்கே வைப்பது

வீட்டுக்குள் போய் ஜன்னல் ஓரம் நில்லுங்கள். குளிர்காலத்தில் இந்தப் பாத்தியை நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் அங்கிருந்துதான். அல்லது வாசலிலிருந்து தெருவுக்குப் போகும் பாதையிலிருந்து. தோட்டத்தின் கோடியில் உள்ள பாத்திக்குப் பணத்தையும் நேரத்தையும் கொட்டி, கண்ணில் படும் வாசல் பாத்தியைக் காலியாக விடுபவர்கள் அநேகம்.

எந்தப் பக்கமிருந்து வெயில் வருகிறது என்றும் பாருங்கள். குளிர்காலச் சூரியன் தாழ்வாகவே நகரும். புற்களையும் சிவந்த தண்டுகளையும் உங்களுக்கும் அந்த வெயிலுக்கும் நடுவில் வரும்படி வைத்தால், பின்னாலிருந்து ஒளி பட்டு அவை பற்றியெரிவது போல மின்னும். அதே செடி நிழல் சுவரை ஒட்டி நின்றால் வெறும் குச்சி.

முதலில் எலும்புக்கூடு போல நிற்கும் செடி ஒன்றோ இரண்டோ வேண்டும். சைபீரியா டாக்வுட் இலை கொட்டியதும் பவளச் சிவப்புத் தண்டோடு நிற்கும். இந்த நிறம் இளந்தண்டில்தான் பளிச்சென்று இருக்கும். வேர் நன்றாகப் பிடித்தபின் ஆண்டுதோறும் குளிர்காலக் கடைசியில் பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு வெட்டிவிட்டால் புதிது கிளைத்து வரும். பாத்தி சிறிதென்றால் ஸ்கிம்மியா நல்லது. பசுமை மாறாத இலை, குளிர்காலம் முழுக்க அடர்சிவப்பு மொட்டு, நிழலும் தாங்கும். ஆனால் ஸ்கிம்மியாவிலும், ஹாலி என்னும் சிவப்புப் பழப் புதரிலும் பெரும்பாலான ரகங்களில் ஆண், பெண் செடிகள் தனித்தனி. மொட்டுக்குப் பேர்போன 'ருபெல்லா' ஆண் செடி. அது பழம் காய்க்காது. பழம் வேண்டுமென்றால் பெண் செடியும் பக்கத்தில் ஓர் ஆணும் வேண்டும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இடம் தாராளமாக இருந்தால் விட்ச் ஹேசல் வையுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் மஞ்சள் நூல் போன்ற இதழ்கள் விரியும், கடுங்குளிரில் சுருண்டுகொண்டு மறுபடி விரியும். வாசல் அருகே சார்கோகோக்கா. பூ கண்ணுக்கே தெரியாது, வாசனை ஆளை நிறுத்தும்.

நடு அடுக்கில், குளிர்காலத்தில் பூக்கும் ஹெல்லெபோரும் ஹ்யூக்கெராவும். ஹ்யூக்கெரா பூவுக்காக அல்ல. ஊதா, கேரமல், எலுமிச்சைப் பச்சை என்று இலை நிறத்துக்காக. அலங்கார முட்டைக்கோசும் இந்த இடத்துக்குப் பொருந்தும். இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால்தான் அதன் நடு இலைகளில் ஊதாவும் வெள்ளையும் நன்றாக ஏறும். அதனால் செப்டம்பரில் பச்சையாகத் தெரிகிறதே என்று ஒதுக்க வேண்டாம். மிகக் கடுமையான குளிரிலும் விட்டுவிட்டு உறைந்து உருகும் காலநிலையிலும் ஜனவரிக்குமேல் அது தாங்காது, இலை கூழாகும். அப்போது எடுத்துவிட வேண்டியதுதான்.

முன்வரிசைக்கு எரிக்கா, கல்லூனா, வயோலா (பான்சி இனத்துச் சிறு பூச்செடி), சைக்ளமென். எரிக்காவையும் கல்லூனாவையும் 'ஹெதர்' என்ற ஒரே பெயரில் விற்பார்கள். ஆனால் குணம் வேறு. கல்லூனாவுக்கு அமில மண் வேண்டும். கோடைக் கடைசியிலிருந்து இலையுதிர்காலம் வரை அதன் பருவம். அதில் மொட்டு விரியாமலே நிற்கும் ரகங்கள் வாரக்கணக்கில் நிறம் மாறாமல் இருக்கும், ஆனால் மொட்டு திறக்காததால் தேனீக்கு ஒன்றும் கிடைக்காது. எரிக்கா கார்னியா குளிர்காலத்திலிருந்து வசந்தத் தொடக்கம் வரை பூக்கும், கொஞ்சம் சுண்ணாம்பு மண்ணையும் பொறுத்துக்கொள்ளும், தேனீக்கும் தேன் தரும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எரிக்கா. சைக்ளமெனிலும் கவனம் தேவை. பெரிய பூவோடு வீட்டுக்குள் வைக்க விற்கும் ரகம் உறைபனியில் போய்விடும். தோட்டத்துக்கு வேண்டியது ஹெடெரிஃபோலியம், கோம் என்ற இரண்டு சிறிய வகைகள். முன்னது இலையுதிர்காலத்திலும் பின்னது குளிர்காலக் கடைசியிலும் பூக்கும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலப் பாத்தி. பின்பக்கம் நடுவை விட்டு ஒதுங்கி ஒரு சிறிய ஸ்கிம்மியா. அதன் மறுபக்கம் ஒரு 'கார்ல் ஃபோர்ஸ்டர்' புல். முன்னே முக்கோணமாக மூன்று ஹெல்லெபோர், அவற்றின் இடுக்கில் ஒரே நிறத்தில் ஐந்து ஹ்யூக்கெரா. ஓரத்தில் ஏழு எரிக்கா, வரிசையாக இல்லாமல் மூன்றும் நான்குமாகக் கூட்டாக. மிச்ச இடமெல்லாம் வயோலா. இதற்கடியில் பூக்கிழங்குகள், அதைப் பிறகு பார்ப்போம். ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கி வந்து வரிசையாக நட்டால் பாத்தி சந்தைக் கடை போல ஆகிவிடும். வகையைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நிறத்திலும் இரண்டு, அதிகமானால் மூன்று. வெள்ளையும் பச்சையும் மட்டும் வைத்த குளிர்காலப் பாத்தி மங்கலான வெளிச்சத்தில் தனித்துத் தெரியும். ஊதாவும் கருஞ்சிவப்பும் பத்தடி தூரத்திலிருந்து மண்ணோடு மண்ணாகிவிடும், அவற்றை வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இன்னொரு உத்தி, கொஞ்சம் திருட்டுத்தனமானது. பாத்தியின் முன்பகுதியில் இரண்டு மூன்று காலித் தொட்டிகளை, அடியில் ஓட்டையுள்ளவையாக, விளிம்பு வரை மண்ணில் புதைத்து வையுங்கள். அதே அளவுத் தொட்டியிலுள்ள சாமந்தியை அக்டோபரில் அதற்குள் இறக்கிவிடலாம். சாமந்தி கருகியதும் தூக்கிவிட்டு, பூத்த ஹெல்லெபோர் தொட்டியை இறக்கலாம். மண் கல்லாக உறைந்த நாளிலும் தோண்டாமல் பாத்தியை மாற்ற இது ஒன்றுதான் வழி.

நடுவது

செடிகளைத் தொட்டியோடு பாத்தியில் பரப்பி வைத்து, மறுபடி ஜன்னலுக்குப் போய்ப் பார்த்து, நகர்த்தி, திருப்தியான பிறகே குழி தோண்டுங்கள். செடிக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு, அதைத் திருப்பி வையுங்கள்.

நடும்முன் ஒவ்வொரு தொட்டியையும் ஒரு வாளி நீரில் முக்கிப் பிடியுங்கள். வேர்க்கட்டிலிருந்து சரசரவென்று நீர்க்குமிழி கிளம்பும். குமிழி நின்றால்தான் உள்ளே நனைந்ததாக அர்த்தம். காய்ந்த வேர்க்கட்டை அப்படியே நட்டுவிட்டு மேலே எவ்வளவு ஊற்றினாலும் நீர் பக்கவாட்டில் ஓடிவிடும். எரிக்காவும் கல்லூனாவும் இதனால்தான் நட்ட மூன்றாம் வாரம் குச்சியாகின்றன, குளிரால் அல்ல. தொட்டியிலிருந்து எடுத்ததும் வேர் சுற்றிச் சுற்றிப் பாய் போல ஓடியிருந்தால் விரலால் பிய்த்து நாலு பக்கமும் தளர்த்திவிடுங்கள். கொஞ்சம் வேர் அறுந்தால் பரவாயில்லை.

தொட்டியில் இருந்த மட்டத்திலேயே மண்ணிலும் இருக்க வேண்டும். ஹெல்லெபோரின் தூரை மண்ணுக்குள் புதைத்தால் அழுகும். எரிக்காவை ஒரு விரற்கடை ஆழமாக வைக்கலாம், தப்பில்லை. இடைவெளியை அடையாள அட்டையில் போட்டதைவிடக் குறையுங்கள். வயோலாவுக்கு 10 முதல் 15 செ.மீ. போதும். பசுமை மாறாச் செடிகளையும் ஹெல்லெபோரையும் மட்டும் நெருக்காதீர்கள். அவை ஆண்டுக்கணக்கில் இருக்கப் போகிறவை. நட்டதும் சுற்றிலும் இரு கைகளாலும் அழுத்தி, நீர் ஊற்றுங்கள், மழை தூறிக்கொண்டிருந்தாலும் சரி. அந்த நீர்தான் மண்ணை வேரோடு ஒட்டவைக்கும்.

அடியில் பூக்கிழங்குகள்

மேலே செடி நட்ட பாத்திக்கடியில் இன்னொரு பாத்தியை ஒளித்து வைக்கலாம். ஸ்னோட்ராப், குரோக்கஸ், டாஃபோடில், துலிப் எல்லாம் இலையுதிர்காலத்தில் நட்டு குளிர்காலக் கடைசியிலிருந்து பூப்பவை. இவற்றுக்குக் குளிர் தொல்லை அல்ல, தேவை. துலிப்புக்குச் சுமார் 12 முதல் 16 வாரம் குளிர் கிடைக்காவிட்டால் தண்டு நீளாது, பூ மண்ணோடு ஒட்டிக் குட்டையாக நிற்கும்.

ஆழம்: கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. துலிப்புக்கு 15 முதல் 20 செ.மீ., டாஃபோடிலுக்கு 10 முதல் 15, குரோக்கஸுக்கு 8 முதல் 10. கூரான பக்கம் மேலே. எது மேல் பக்கம் என்று புலப்படாவிட்டால் படுக்கவைத்து நடுங்கள், முளை வழி கண்டுபிடித்துக்கொள்ளும். டாஃபோடிலைச் செப்டம்பரிலேயே நடலாம், அது சீக்கிரம் வேர் விடும். துலிப்பை நவம்பருக்குத் தள்ளுங்கள். மண் குளிர்ந்தபின் நட்டால் துலிப் கருகல் என்னும் பூஞ்சை நோயின் தாக்குதல் குறையும். எல்லா வேலையும் பிந்திப்போனவர்களுக்குத் துலிப் ஒரு வரம்.

இடம் குறைவென்றால் அடுக்கடுக்காக: அடியில் துலிப், மேலே கொஞ்சம் மண், அதன்மேல் டாஃபோடில், மண், மேலே குரோக்கஸ். எல்லாவற்றுக்கும் மேல் வயோலா. கீழ் அடுக்கின் முளை மேலுள்ள கிழங்கைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். குரோக்கஸை எண்ணி வரிசையாக நடாமல் கைநிறைய எடுத்துத் தூவி, விழுந்த இடத்தில் நடுங்கள். பத்து கிழங்கு கண்ணில் படாது, குறைந்தது ஐம்பது வேண்டும்.

வயல் எலி உள்ள இடத்தில் துலிப்பும் குரோக்கஸும் விருந்து. கம்பிவலைக் கூடைக்குள் நடலாம், அல்லது டாஃபோடிலுக்கு மாறிவிடலாம். டாஃபோடில் கிழங்கில் நஞ்சு இருப்பதால் எலி தொடாது. அந்த நஞ்சு மனிதரையும் பாதிக்கும். பார்க்க வெங்காயம் போலிருக்கும் இதைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். ஹெல்லெபோரும் நஞ்சுள்ளதே, இலை கிள்ளும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மூடாக்கு

மரத்திலிருந்து இலவசமாக விழும் இலையைப் பை பையாகக் கட்டி வெளியே வைத்துவிட்டு, மண்மேல் பரப்பும் மூடாக்கைக் கடையில் வாங்குவதைப் போல வேடிக்கை வேறில்லை. செடிகளுக்கு நடுவே 5 முதல் 10 செ.மீ. கனத்துக்கு இலையைப் போடுங்கள். புல்வெட்டும் இயந்திரத்தை அதன்மேல் ஓட்டி நறுக்கிப் போட்டால் பறக்காது, சீக்கிரம் மக்கும். ஓக் இலை மக்க வெகுநாள் எடுக்கும், மற்றதோடு கலந்து போடுங்கள். ஹெல்லெபோரின் தூரிலும் எரிக்காவின் மேலும் இலை குவிந்து கிடக்கக் கூடாது, காற்றோட்டமில்லாமல் அழுகும். புல்தரையில் கிடக்கும் இலையையும் எடுத்துவிட வேண்டும், அடியில் புல் மஞ்சளாகும்.

சாயம் போட்ட சிவப்பு மரச்சீவல் எனக்குப் பிடிக்காது. குளிர்காலத்தின் மென்மையான நிறங்களுக்கு நடுவே அது கூச்சல் போடும். மரச்சீவலும் பட்டையும் மண்ணோடு கலந்தால் மக்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். போடுவதானால் மேலாக மட்டும். ரோஜாவுக்கு இந்தச் சமயத்தில் தூரைச் சுற்றி 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்கு மண் அணைத்துவிடுங்கள். ஒட்டுப் போட்ட இடம் உள்ளே மறைய வேண்டும்.

குளிர் இறங்கிய பிறகு

இனி வேலை அதிகமில்லை. வாரம் ஒரு முறை ஒரு நடை போதும். கண் வைக்க வேண்டியது முக்கியமாக இரண்டு இடத்தில்.

ஒன்று, புதிதாக நட்ட சிறு செடிகள். இரவில் உறைந்து பகலில் உருகும் வாரங்களில் மண் உப்பி, வயோலாவின் வேர்க்கட்டை மெல்ல மெல்ல மேலே தள்ளிவிடும். குனிந்து பார்த்தால் செடியைச் சுற்றி ஒரு வளைய விரிசல், வேர்க்கட்டின் தோள் வெளியே தெரியும். மண் உருகியிருக்கும் நண்பகலில் உள்ளங்கையால் அழுத்தி உள்ளே இறக்கி, விளிம்பில் கொஞ்சம் மண் போடுங்கள். கவனிக்காமல் விட்டால் வேர் காற்றில் காய்ந்துவிடும்.

மற்றது தாகம். மண் உறைந்திருக்கும்போது வேரால் நீரை எடுக்க முடியாது. ஆனால் வெயிலும் காற்றும் பசுமை மாறா இலையிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். வசந்தத்தில் பழுப்பாகிப் போன செடியைப் பார்த்து 'குளிரில் செத்தது' என்போம். பல சமயம் அது காய்ந்து செத்தது. உறைபனி இல்லாத நாளில், மழையும் பனியும் வராத வாரங்களில், காலை பத்து மணிக்குமேல் ஒரு வாளி நீர் ஊற்றுங்கள். ரோடோடெண்ட்ரான் இலைகள் சுருட்டுபோலச் சுருண்டு தொங்குவதைக் கண்டு பயப்பட வேண்டாம். நீரைக் காப்பாற்ற அது செய்யும் வேலை, குளிர் தணிந்தால் விரியும். ஹெல்லெபோர் பூவும் கடும் உறைபனியில் தரையில் படுத்துவிட்டு உருகியதும் எழுந்து நிற்கும். படுத்திருக்கும்போது தொடாதீர்கள், தண்டு கண்ணாடிபோல முறியும்.

ஈரப்பனி கனமாகக் கொட்டினால் பசுமை மாறாப் புதர்களின் கிளையைக் கீழிருந்து மேலாக மெதுவாகத் தட்டிவிடுங்கள். தரையில் கிடக்கும் பனி இருக்கட்டும், அது செடிக்குப் போர்வை. பாதையில் பனி உருக உப்புப் போடுபவர்கள் அந்தப் பனியைப் பாத்திமேல் தள்ள வேண்டாம். பாதைக்கு மணல் போடலாம். வயோலாவின் வாடிய பூவை அவ்வப்போது கிள்ளினால் இளவெயில் நாட்களில் மறுபடி மொட்டு விடும்.

விட்டுவைத்த காய்ந்த தண்டுகளையும் புற்களையும் பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கத்தில், அடியில் புதுக்குருத்து விரல் நீளம் வரும்முன், ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். பிந்தினால் பழைய தாளோடு புதுக் குருத்தின் நுனியையும் வெட்டிவிட நேரும், அந்தப் பருவம் முழுக்க நுனி மொட்டையாகவே நிற்கும். புல்லைக் கட்டி வைத்த கயிற்றை அவிழ்க்காமல் கீழே வெட்டினால் கட்டாகவே கையோடு வந்துவிடும். பொந்துத் தண்டுகளை உடனே நொறுக்கிவிடாமல் ஓர் ஓரத்தில் சாய்த்து வைத்தால் உள்ளே இருக்கும் தேனீ வெளியே வர நேரம் கிடைக்கும். ஹெல்லெபோரின் பழைய புள்ளி விழுந்த இலைகளைப் பூந்தண்டு எழும்போது அடியோடு எடுத்துவிடுங்கள். ரோஜாவின் கவாத்துக்கு ஃபோர்சித்தியா புதர் மஞ்சளாகப் பூக்கும் வரை பொறுத்திருங்கள். அணைத்த மண்ணையும் அப்போதுதான் இறக்க வேண்டும்.